ஓட்டும் கதவு எண்ணும்

ஓட்டுப் போடாதவனின் ரேஷன் கார்டைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது என் சிநேகிதர் ஒருவரின் கட்சி. திண்டிவனத்தில் நெடுங்காலம் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். தேர்தலன்று விடியற்காலையிலேயே குளித்து, சலவை வேட்டி உடுத்திக்கொண்டு, சாவடி திறப்பதற்கு முன்பே முதல் ஆளாகப் போய் நிற்பார். மை வைத்த விரலை அன்று முழுவதும் வருவோர் போவோருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருப்பார். "பிச்சைக்காரனுக்கும் ஓர் ஓட்டு, மில் முதலாளிக்கும் ஓர் ஓட்டு. வராதே என்று சட்டம் யாரையாவது தடுக்கிறதா? அப்படியிருந்தும் நூற்றுக்கு முப்பது பேர் வரவில்லை என்றால் அது கொழுப்புத்தானே?" என்பார்.

நானும் வெகுகாலம் அவர் கட்சியில்தான் இருந்தேன். ஓட்டை வீணாக்கியவனுக்கு ஆட்சியைக் குறை சொல்லும் பாத்தியதை கிடையாது என்கிற ரீதியில் ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். என் வீட்டிலிருந்து சாவடிக்கு ஐந்து நிமிஷ நடை. போட்டுவிட்டுத் திரும்பும்போது அடுப்பில் வைத்துவிட்டுப் போன பால் பொங்கியிருக்காது. அப்படிப்பட்டவன் எழுதிய கட்டுரை அது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அந்தக் கட்சியிலிருந்து நான் விலகியது திருவக்கரையில்.

2023 டிசம்பரில், மார்கழிப் பௌர்ணமியன்று அங்கே போயிருந்தேன். பௌர்ணமி என்றால் வக்ரகாளியம்மன் சந்நிதியில் கூட்டம் சொல்லி முடியாது. பக்கத்துப் புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஜனங்கள் வந்து குவிவார்கள். வெயில் தாழட்டும் என்று நான் கல்மரங்களைப் பார்க்கப் போனேன். சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முன்பு மரமாக இருந்தவை, மண்ணுக்குள் புதைந்து, நாளடைவில் கல்லாகிவிட்டன. சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-ஆம் ஆண்டிலேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். இப்போது சர்க்கார் வேலி போட்டுக் காவல் வைத்துப் பாதுகாக்கிறது. ரேகைகள்கூட அழியாமல் இருக்கும் அந்த அடிமரங்களில் வேரும் இல்லை, கிளையும் இல்லை. அதனால் அவை இங்கே வளர்ந்தவை அல்ல, எங்கேயோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வரப்பட்டவை என்பது புவியியல் அறிஞர்களின் முடிவு.

அங்கிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கினேன். வராக நதி என்றும் சங்கராபரணி என்றும் சொல்வார்கள். மழைக்காலம் முடிந்த சமயமாதலால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இருளர் குடும்பம் மீன் பிடித்துக்கொண்டிருந்தது. புருஷனுக்கு ஐம்பது வயதிருக்கலாம். மனைவி முழங்கால் தண்ணீரில் நின்று கையாலேயே துழாவி மீனை எடுத்துக் கரையில் போட, ஒரு சிறுமி அதைக் குண்டானில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சுக் கொடுத்தேன். தேர்தல் வரப்போகிற வருஷமாயிற்றே, பேச்சு அதில் போய் நின்றது.

"எனக்குக் கார்டு இருக்குது சார். இவளுக்குத்தான் இல்ல" என்றார் அவர். "இருந்துதான் என்னா? பொங்கலு முடிஞ்சதும் சூளைக்குக் கெளம்பிடுவோம். மழ வந்தப்புறந்தான் ஊட்டுக்கு வருவோம்."

"இதுவரை எத்தனை முறை போட்டிருக்கிறீர்கள்?"

"ரெண்டு வாட்டி. ஒரு வாட்டி கால் ஒடிஞ்சு ஊட்லயே கெடந்தேன். அப்ப போட்டேன். இன்னொரு வாட்டி வேன் வச்சிக் கூட்டியாந்தாங்க. வண்டில ஏறச்சொல்லவே எதுல குத்தணும்னு சொல்லிட்டாங்க."

நான் படித்தவன் அல்லவா? உடனே புத்தி சொல்ல ஆரம்பித்தேன். உள்ளே போய் யாருக்குப் போட்டோம் என்பது கடவுளைத் தவிர யாருக்கும் தெரியாது, உங்கள் மனசுக்குப் பட்டவருக்குப் போட்டிருக்கலாமே என்றேன்.

அவர் மனைவி தண்ணீரில் நின்றபடியே சொன்னாள்: "திரும்பிப் போறதுக்கும் அதே வேன்தானே சார்?"

அதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து நாள்காட்டியைப் புரட்டினேன். செங்கல் சூளை வேலை எப்போது நடக்கிறது என்று நம்மில் பலர் யோசித்ததில்லை. பச்சைக்கல் வெயிலில் காய வேண்டும். ஒரு மழை வந்தால் அறுத்துப் போட்டதெல்லாம் மறுபடி சேறாகிவிடும். ஆகவே தை பிறந்தபின் ஆரம்பித்து, ஆனி ஆடி வரை வேலை. விழுப்புரம் ஜில்லாவிலிருந்து ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளுக்குப் போய்விடுகிறார்கள். போகுமுன்பே மேஸ்திரி கையால் முன்பணம் வாங்கியாகிவிட்டது; அது கழிகிற வரை திரும்ப முடியாது. நடு இரவு தாண்டியதும் எழுந்து மண் மிதிக்க வேண்டும். கூலி நாளுக்கு இவ்வளவு என்றில்லை, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. கரும்பு வெட்டப் போகிறவர்கள் கதையும் ஏறக்குறைய இதேதான்.

இப்போது தேர்தல் நாட்களைப் பாருங்கள். 2011-ல் ஏப்ரல் 13. 2016-ல் மே 16. 2019-ல் ஏப்ரல் 18. 2021-ல் ஏப்ரல் 6. 2024-ல் ஏப்ரல் 19. அத்தனையும் சூளை எரிகிற மாதங்கள்! யாரும் உட்கார்ந்து சதி செய்யவில்லை. பள்ளிக்கூடப் பரீட்சை, மழை, சபையின் ஆயுள் என்று எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத்தான் தேதி குறிக்கிறார்கள். செங்கல் அறுக்கிறவன் அந்தக் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996-ல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தேர்தலன்று தொழிலாளிக்குக் கூலியோடு விடுமுறை தர வேண்டும், தினக்கூலிக்காரனுக்கும் உண்டு என்கிறது அது. நல்ல சட்டம். ஆனால் கல்லை எண்ணிக் கூலி வாங்குகிறவன், அதுவும் முன்பணக் கடனில் இருக்கிறவன், எந்த முகத்தோடு முதலாளியிடம் போய் அதைக் கேட்பான்? கேட்டுக் கிடைத்தாலும் ஊருக்குப் போய்வர ஒரு நாள் போதாது. பஸ் சத்தம் இரண்டு பேருக்கு, போகவும் வரவும். இரண்டு நாள் அறுக்காமல் விட்ட கல். வழியில் சாப்பாடு. என் ஓட்டுக்கு ஒரு காசு செலவில்லை. அவருடைய ஓட்டுக்கு ஒரு வாரத்துச் சோறு.

அமெரிக்காவின் தென் மாகாணங்களில் ஓட்டுப் போடுவதற்கென்றே தலைவரி வாங்கினார்கள். வர்ஜீனியாவில் அது வருஷத்துக்கு ஒன்றரை டாலர். தேசியத் தேர்தல்களுக்கு அந்த வரி கூடாதென்று 1964-ல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். மாகாணத் தேர்தல்களுக்கும் கூடாதென்று 1966-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒன்றரை டாலர் அற்பத் தொகைதான். ஆனால் இருக்கிறவனுக்கு அற்பமாகவும் இல்லாதவனுக்கு மலையாகவும் இருக்கிற ஒரு தொகையை ஓட்டுக்கு முன்னால் வைக்கலாகாது என்பது அதன் தாத்பரியம். நம் நாட்டில் அப்படி ஒரு வரியை எந்தச் சர்க்காரும் விதிக்கவில்லை. இருந்தும் சங்கராபரணிக் கரையில் நான் பார்த்த தம்பதிகள் அதைக் கட்டித்தான் ஆகவேண்டும். விதித்தவன் இன்னான் என்று தெரிந்தால் எதிர்த்து வழக்காவது போடலாம்.

இந்த இடத்தில் நம் பழம்பெருமை ஞாபகத்துக்கு வருகிறது. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நான் பெருமையாகப் பேசியதுண்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கிச் சபைக்கு ஆள் எடுத்தார்கள். கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினர்களையும் ஒதுக்கினார்கள். எத்தனை நுட்பமான விதிகள்! ஆனால் யாருடைய பெயர் குடத்துக்குள் போகலாம் என்பதை அந்தப் பேச்சுகளில் நான் வேகமாகத் தாண்டிப் போய்விடுவேன். இறை கட்டும் நிலம் கால் வேலியாவது இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். அங்கே நிலத்தை உழுதவன் பெயர் குடத்துக்குள் போகவே வழியில்லை. அந்தப் பராந்தகனின் மருமகளான செம்பியன் மாதேவிதான் திருவக்கரைச் சந்திரமௌலீசுவரர் கோயிலைக் கற்றளியாக்கியவர். அந்தக் கல்லைச் சுமந்தவன் பெயரும் எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது.

ஆயிரம் வருஷம் கழித்து வெள்ளைக்காரன் வந்தபோதும் யோக்கியதை மாறவில்லை. 1920-ல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு முதல் தேர்தல் நடந்தது. நிலவரியோ, வீட்டு வரியோ, வருமான வரியோ கட்டுகிறவர்களுக்கே பெரும்பாலும் ஓட்டு. மொத்த ஜனத்தொகையில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் பட்டியலில் இருந்தார்கள். 1921-ல் பெண்களுக்கும் ஓட்டுரிமை உண்டென்று தீர்மானித்தார்கள். சொத்துள்ள பெண்களுக்கு, என்று சேர்த்துப் படிக்க வேண்டும்.

1950-ல் நாம் செய்தது நிஜமாகவே பெரிய காரியம். அரசியல் சட்டத்தின் 326-ஆவது ஷரத்து, நிலத்தையும் வரியையும் படிப்பையும் ஒரே வீச்சில் துடைத்தெறிந்தது. 1951-52 தேர்தலுக்கு 17 கோடிக்கு மேல் பெயர்கள் பதிவாயின. அப்போதும் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீங்கின. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே எழுதிக்கொடுத்தார்களே தவிர, தங்கள் பெயரைச் சொல்லவில்லை என்பது காரணம். எழுத்தறியாதவனுக்குச் சின்னம் கண்டுபிடித்தது அந்தத் தேர்தல். ஓட்டுப் போடுகிறவனைத் தேடிக்கொண்டு சர்க்கார் போக வேண்டும் என்ற எண்ணம் அப்போது இருந்தது.

இன்றைக்கும் அந்த எண்ணம் செத்துவிடவில்லை. குஜராத்தில் கிர் காட்டுக்குள் ஒரு கோயில் பூசாரி இருந்தார். அவர் ஒருவருக்காகச் சிங்கம் திரியும் காட்டில் தேர்தலுக்குத் தேர்தல் ஒரு சாவடி போட்டார்கள். 2019-ல் அவர் காலமாகும்வரை இது நடந்தது. ராணுவத்தில் இருப்பவருக்கு இருக்கிற இடத்துக்கே ஓட்டுச் சீட்டு போகிறது. தள்ளாத வயதினருக்கு 2020-லிருந்து வீட்டிலேயே போட வழி செய்திருக்கிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியர், பாஸ்போர்ட்டில் உள்ள சொந்த ஊர் விலாசத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ள 2010-ல் சட்டம் திருத்தப்பட்டது. வருஷக் கணக்கில் ஊர்ப்பக்கம் வராவிட்டாலும் அவர் அந்த ஊரின் ஓட்டர்தான், நேரில் வந்து போட வேண்டும் என்பதைத் தவிர. இவையெல்லாம் நியாயமான ஏற்பாடுகள். ஆனால் ஒரு பூசாரிக்காகக் காட்டுக்குள் போகத் தெரிந்த சர்க்காருக்கு, நூறு குடும்பம் கல் அறுக்கிற சூளைக்குப் போக வழி தெரியாதா என்ன?

வழி தேடவே இல்லை என்றும் சொல்லக்கூடாது. 2019 தேர்தலில் சுமார் 30 கோடிப் பேர் ஓட்டுப் போடவில்லை. அதற்கு ஒரு காரணம் பிழைப்புக்காக ஊர் விட்டுப் போவது என்று தேர்தல் கமிஷனே சொல்லி, வெளியூரிலிருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடும் ஒரு யந்திரத்தை 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டியது. கட்சிகளில் பல சந்தேகம் கிளப்பின. அந்தச் சந்தேகங்களில் சில நியாயமானவைதான். 2024 தேர்தல் அந்த யந்திரம் இல்லாமலே நடந்தது.

இதையெல்லாம் என் வக்கீல் சிநேகிதரிடம் சொன்னேன். அவர் லேசில் மடங்குகிறவரா? "ஆறு மாதம் சூளையில்தானே இருக்கிறான், அந்த ஊரிலேயே பெயரைச் சேர்த்துக்கொள்ளட்டுமே" என்றார்.

நல்ல கேள்வி. அதற்கு முதலாளி ஒப்ப வேண்டும். இத்தனை குடும்பம் என் இடத்தில் குடியிருக்கிறது என்று காகிதத்தில் ஏறிவிட்டால், அவர்களுக்குக் கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, குழந்தைகள் எங்கே படிக்கின்றன என்று கேள்விகள் கிளம்பும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லிருந்து இருக்கிறதல்லவா? தவிர, அடுத்த வருஷம் எந்தச் சூளையோ! ஊரில் பெயர் இருந்தால்தான் மனைப்பட்டா கேட்கலாம், சாதிச் சான்றிதழுக்கு அலையலாம். ஓட்டு இல்லாத குடிசைகளுக்கு எந்த அபேட்சகர் வண்டியை விட்டு இறங்குவார்? சூளை ஊருக்கு அவர்கள் அந்நியர்கள். சொந்த ஊருக்கோ இல்லாதவர்கள்.

சட்டம் இதில் வஞ்சனை செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. 1950-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவன் அவ்வூர்வாசி ஆகிவிடமாட்டான் என்கிறது. தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் அவன் ஊர்வாசி அல்லாமல் போய்விடமாட்டான் என்றும் சொல்கிறது. எத்தனை தெளிவு! சட்டப்படி எனக்கு வீடு இருப்பது பெரிதில்லை, அவர் சூளைக்குப் போனது குற்றமும் இல்லை. ஆனால் பட்டியலைச் சரிபார்க்கிறவர் கதவைத் தட்டுகிற நாளில் என் வீட்டில் ஆள் இருப்பார். அவர் குடிசையில் இருக்கமாட்டார். கால் வேலி நிலம் போயிற்று. கதவைத் தட்டும்போது வீட்டில் இருக்கிற வசதி அதனிடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் பட்டியலைத் தீவிரமாகத் திருத்த வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. அவற்றில் 66 லட்சத்துக்கு மேல், இடம் மாறினவர்கள் அல்லது விலாசத்தில் காணப்படாதவர்கள். இறந்தவர்களையும் இரட்டைப் பதிவுகளையும் நீக்கத்தான் வேண்டும். இடம் மாறினவர்களிலும் பலர் புது ஊரில் பதிந்துகொண்டிருப்பார்கள். ஆனால் "விலாசத்தில் காணப்படவில்லை" என்ற வார்த்தையைப் படித்தபோது எனக்கு முழங்கால் தண்ணீரில் நின்ற அந்த அம்மாள் ஞாபகம்தான் வந்தது.

காகிதம் இல்லாமல் ஓட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் சொந்த ஜனங்களே சாட்சி. இலங்கையில் 1931-லேயே சர்வஜன வாக்குரிமை வந்துவிட்டது. தேயிலைத் தோட்டங்களில் கூலி வேலை செய்த தமிழர்களில் பலரும் ஓட்டுப் போட்டார்கள். 1948, 1949-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தலைமுறைச் சான்று கேட்டன. லயத்து வீட்டில் பிறந்தவனிடம் பாட்டன் பிறந்ததற்குக் காகிதம் ஏது? லட்சக்கணக்கானவர்களுக்குக் குடியுரிமையும் ஓட்டும் சேர்ந்து போயின. ஓட்டில்லாத அந்த ஜனங்களை 1964-ல் இரண்டு சர்க்கார்கள் உட்கார்ந்து தலை எண்ணிப் பங்கிட்டுக்கொண்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அவர்களை யாரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலை தீர 2003 வரை ஆயிற்று.

இனி, நம்மைப்போன்றவர்கள் காப்பி குடித்துக்கொண்டு பேசும் விஷயத்துக்கு வருகிறேன்: ஓட்டுக்குப் பணம் வாங்குவது. அது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ஆர்.கே. நகரிலும், 2019-ல் வேலூரிலும் பண விநியோகத்துக்காகத் தேர்தலையே நிறுத்த வேண்டி வந்தது நமக்கெல்லாம் தலைகுனிவு. ஆனால் வாங்குகிறவனை ஏசும்போது, அவனுடைய ஓட்டு சாவடிக்கு வந்து சேர என்ன செலவு, அதை யார் கொடுக்கிறார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. சர்க்கார் கொடுக்கவில்லை. முதலாளி கொடுக்கவில்லை. நீங்களும் நானும் கொடுக்கவில்லை. கொடுக்கிறவன் ஒருவன்தான், அவன் வேன் வைத்துக்கொண்டு வருகிறான். அந்த வண்டியில் ஏறாமலிருப்பது ஒழுக்கம் என்றால், ஓட்டே போடாமலிருப்பதுதான் ஏழைக்கு விதித்த ஒழுக்கம் என்றாகிறது. அப்புறம் போடவில்லை என்பதற்காக அவனுடைய ரேஷன் கார்டையும் பிடுங்கலாம்!

என் சிநேகிதர் இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "ஓட்டுப் பட்டியல் படிவத்தை நீங்களாவது எழுதிக் கொடுத்திருக்கலாமே" என்றார்.

எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தப் பௌர்ணமி முடிந்து இரண்டு நாளில் மறுபடி திருவக்கரைக்குப் போய், அந்த அம்மாளின் பெயருக்கு ஆறாம் எண் படிவத்தை நானே பூர்த்தி செய்தேன். வீட்டு எண் என்ற இடத்தில் பேனா நின்றது. "நம்பரெல்லாம் ஏது சார்" என்று சிரித்தாள். பக்கத்தில் இருந்த வேப்ப மரத்தையும் பாதையையும் அடையாளமாக எழுதி, கைநாட்டு வாங்கி, சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டு வந்தேன்.

மாசி மாதத்தில் போய் விசாரித்தேன். அவர்கள் சூளைக்குப் போயிருந்தார்கள். பக்கத்துக் குடிசையில் ஒரு கிழவி மட்டும் இருந்தாள்.

"வந்து பாத்தாங்களே" என்றாள். "ஊடு பூட்டிக் கெடக்குதுன்னு எழுதிக்கினு போனாங்க."

அந்தக் குடிசையைப் போய்ப் பார்த்தேன். வாசலில் ஒரு பனையோலைத் தட்டியைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பூட்டு மாட்டுவதற்கு அதில் இடமே இல்லை.